காசு இருந்த இடத்தில் பந்து

மருந்துக்கடைக்காரருடைய கோல்ஃப் பையை எவ்வளவு தூரத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். மற்றவர்கள் பையில் மட்டை இருக்கும். அவர் பையில் மட்டையைத் தேடவேண்டும். பக்கவாட்டில் ஒரு மணிச்சரம் தொங்கும். குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் ஜெயம் என்பதால், கணக்கு வைக்க ஓர் அடி அடித்தால் ஒரு மணியைத் தள்ளவேண்டும், பந்து குழியில் விழுந்ததும் எல்லா மணியையும் பழையபடி ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு மட்டையின் தலைக்கும் ஒரு நிறத்தில் உறை, உறைமேல் கொட்டை எழுத்தில் எண். துண்டுக்கு ஒரு கொக்கி, கையுறைக்கு ஒரு கொக்கி, அந்தக் கொக்கிகளை மாட்ட இன்னொரு கொக்கி. பந்துகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள், ஒவ்வொன்றிலும் மருந்துப் புட்டி படம் போட்ட முத்திரை. தொப்பி விளிம்பில் காந்தத்தால் ஒட்டிய சிவப்பு வில்லை ஒன்று, கோட்டுப் பொத்தான் அளவுக்கு. கூட ஆடுகிற மூன்று பேரும் சேர்ந்து அவருக்கு 'பேன்ஸி ஸ்டோர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடை திறந்துதான் இருக்கு, என்ன வேணும் என்று கேட்பார்.

லாரிக்காரருக்கு இந்தச் சாமான் எதுவும் பிடிக்காது. லாரியை விட்டு அவர் இறங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது, பேர் மட்டும் இறங்கவில்லை. அவருடைய மட்டைகள் பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. ஒன்றுக்கொன்று உறவில்லை, ஒன்று குட்டை என்றால் அடுத்தது நெட்டை. பிடி கழன்றவற்றுக்கு ஒயர் டேப் சுற்றியிருந்தார். புது மட்டை விற்கிற கடைக்காரன் வாயில் வருவது அத்தனையும் பொய் என்பது அவர் கட்சி. பல் டாக்டர் வருஷம் தவறாமல் புது நீள மட்டை வாங்கி, இப்போது பந்து தூரமாகப் போகிறது என்பார். போகத்தான் போனது, புதருக்குள். கண்ணாடிக்கடைக்காரர் கொடிக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார், தூரத்தைச் சத்தமாகச் சொல்வார், பிறகு அதில் பாதியில் பந்தைப் போடுவார். இவர்களுக்கு நடுவில் லாரிக்காரர் தன் டேப் சுற்றிய மட்டையால் நேராக அடித்துவிட்டு நடப்பார். நடையில் மட்டும் ஒரு முழங்கால் மக்கர் பண்ணும்.

அந்த முழங்காலால்தான் அவர் சொந்த வண்டியை விற்றுவிட்டார். சனிக்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் தன் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். மருந்துக்கடைக்காரர் வேறு யாருமில்லை, லாரிக்காரருடைய தங்கையைக் கட்டியவர். இவருக்கு அவர் மாப்ள, அவருக்கு இவர் மச்சான். நகராட்சி மைதானத்தில் சீட்டு வாங்கினால் யாரும் ஆடலாம் என்று தெரிந்ததும் மச்சானை அங்கே இழுத்துவந்தவரே அவர்தான்.

ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து மட்டை கழுவுகிற குழாயடியில் கண்ணாடிக்கடைக்காரர் லாரிக்காரரைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். இரும்பு மட்டையின் பள்ளத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்தபடியே பேச்சை ஆரம்பித்தார். உங்க மாப்பிள்ளை அடிகளைக் குறைத்துச் சொல்கிறார், நாங்கள் இரண்டு பேரும் பல வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இப்படியே போனால் அவருக்குப் பதில் வேறு ஆளைச் சேர்க்க வேண்டியதுதான் என்றார். பல் டாக்டர் தள்ளி நின்று கையுறையை உதறிக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது என்றால் அங்கேயே கண்ணாடிக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். லாரிக்காரர் பிடிக்கவில்லை. எடைமேடையில் நிற்பவன், சாமான் ஏற்றுகிறவன், சாமான் இறக்குகிறவன் என்று எல்லாரும் கை வைக்கிற தொழிலில் உருண்டவர் அவர். சொந்தக்காரன் என்பதற்காக ஒருத்தனை நம்பிவிட முடியாது என்று அவருக்குத் தோன்றியது. நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். காரில் திரும்பும்போது மாப்பிள்ளை ஏதோ கேட்டதற்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தார். மாப்பிள்ளை பந்தை அடித்துவிட்டு நிற்பார். மணிச்சரத்தைப் பார்ப்பார். பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் ஒரு மணியைத் தள்ளுவார், சில நேரம் தள்ளாமலே நடப்பார். ஒரு தடவை குழிக்குப் பாதி தூரம் இருக்கும்போதே எல்லா மணியையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இவ்வளவு சாமானையும் கட்டிக்கொண்டு வருவது இதற்குத்தானா என்று லாரிக்காரர் உள்ளுக்குள் கருவினார். இந்தக் கள்ளனுக்கா தங்கச்சியைக் கொடுத்தோம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். கேட்டால் தங்கச்சி வீட்டு வாசல்படியை அப்புறம் எப்படி மிதிப்பது என்று அடக்கிக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் குழி வந்தது.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, பாய் விரித்ததுபோல் வைத்திருப்பார்கள். அங்கே பந்தை உருட்டித்தான் குழியில் போடவேண்டும். ஒருவர் பந்து இன்னொருவர் வழியில் இருந்தால், பந்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் அடையாளமாக ஏதாவது ஒன்றை வைக்கவேண்டும், தன் முறை வரும்போது அதே இடத்தில் பந்தைத் திருப்பி வைத்து ஆடவேண்டும். லாரிக்காரர் அடையாளத்துக்கு ஓர் இரும்பு வாஷர் வைத்திருந்தார். பல் டாக்டர் ஒரு பழைய வெள்ளிக் காசு வைப்பார். மாப்பிள்ளை தொப்பியிலிருந்து அந்தச் சிவப்பு வில்லையை எடுத்து வைப்பார்.

அன்றைக்குப் பல் டாக்டரின் காசு குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. கைக்குழந்தை தட்டிவிட்டால்கூட உள்ளே போய்விடும். மாப்பிள்ளையின் வில்லை புல் பாயின் மறு ஓரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம். கண்ணாடிக்கடைக்காரர் உருட்டி முடித்தார். லாரிக்காரரும் உருட்டினார். அடுத்தது மாப்பிள்ளையின் முறை.

அவர் மட்டையோடு நிதானமாக நடந்து வந்தார். பல் டாக்டரின் காசுக்கு முன்னால் குனிந்தார். மஞ்சள் பந்தை அங்கே வைத்தார். காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பந்தைத் தட்டிக் குழியில் விட்டார். விட்டுவிட்டு, நல்லா ஆடிட்டேன் போல என்று சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

"என் காசு எங்க?" என்றார் பல் டாக்டர். குரலில் கோபம் இல்லை. கேட்கவே கூச்சப்பட்ட மாதிரி இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் மறு ஓரத்தில் கிடந்த சிவப்பு வில்லையை மட்டையால் காட்டினார். "நான் சொன்னப்ப யாரும் நம்பல. இப்பப் பாத்துக்குங்க. பட்டப்பகல்ல."

லாரிக்காரர் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். மாப்பிள்ளையின் கை தொப்பி விளிம்புக்குப் போய் வில்லையைத் தேடியது. அங்கே இல்லை. பையில் கை விட்டுக் காசை எடுத்தார். இது யாருடையது என்கிற மாதிரி அதைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

அந்த முகம் லாரிக்காரருக்குத் தெரிந்த முகம். விடிய விடிய ஓட்டிவிட்டு, கண் திறந்தபடியே கொஞ்ச தூரம் இல்லாமல் போய், திடுக்கிட்டுத் திரும்பி வருகிற டிரைவரின் முகம் அது. ஸ்டியரிங் கையில் இருக்கும். எந்த ஊரைத் தாண்டினோம், எந்த ஊர் வருகிறது என்பது மட்டும் இருக்காது. பக்கத்து சீட்டில் இருக்கிறவனிடம் கேட்கவும் வாய் வராது. கள்ளன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கள்ளன் முதலில் பக்கத்து ஆளைத்தான் பார்ப்பான். தன் கையையே இப்படிப் பார்க்க மாட்டான். அதுவும் அத்தனை பெரிய சிவப்பு வில்லையை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிட்டு எந்தக் கள்ளன் திருட வருவான்?

மணிச்சரம், எண் போட்ட உறை, மஞ்சள் பந்து, கொக்கி எல்லாம் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எதுவுமே ஆசைக்கு வாங்கியது இல்லை. எங்கே விட்டோம், எதை எடுத்தோம், எத்தனை அடித்தோம் என்று பிடித்து வைத்துக்கொள்ள வாங்கியவை. வாங்கி வாங்கிப் பார்த்தும் பிடிபடவில்லை.

லாரிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மாப்பிள்ளையின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வயதுக்கு மீறிய பிடி.

"தெரிஞ்சேதான் வச்சேன்," என்றார் மாப்பிள்ளை, மற்ற இரண்டு பேரையும் பார்த்து. "ஜெயிக்கணும்னு ஆசை. தப்புதான்."

பல் டாக்டர் காசை வாங்கிக்கொண்டார். இவ்வளவு நாளும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாப்பிள்ளை. கண்ணாடிக்கடைக்காரருக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், ஆனால் முகத்தில் அதைக் காணோம். சரி, இதோட நிறுத்திக்குவோம், அடுத்த வாரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத் மட்டைப் பை ஏற்றிய தள்ளுவண்டியைத் திருப்பினார். லாரிக்காரரையும் ஒரு பார்வை பார்த்தார். நீங்க வரலாம் என்று அர்த்தம். லாரிக்காரர் மேடு ஏறிப் போய் அந்தச் சிவப்பு வில்லையை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை பின்னாலேயே போனார். முழங்கால் வலித்தது.

கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்தார்கள். பைகளைப் பின்னால் ஏற்றி மூடியை அடைத்தபிறகு லாரிக்காரர் கேட்டார். "எப்பலேருந்து?"

மாப்பிள்ளை மழுப்பவில்லை. போன மழைக்காலத்திலிருந்து என்றார். முதலில் ஆட்களின் பேர் மறந்துபோனதாம். அப்புறம் ஒரு நாள் சொந்தக் கடை இருந்த தெருவிலேயே வழி தெரியாமல் நின்றாராம். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டதற்கு, தனியாகப் போனேன், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

"அதுக்குக் கள்ளன்னு பேர் வாங்கணுமா மாப்ள? உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா அவனுங்க கால்ல விழுவானுங்க."

"விழுவாங்க மச்சான். அதான் வேணாங்கறேன்." மாப்பிள்ளை கார் மேல் சாய்ந்துகொண்டார். "அந்த மாத்திரைய கவுண்டருக்குப் பின்னாடி நின்னு எத்தன வருஷம் வித்திருக்கேன். மகனோ மகளோ அப்பாவக் கூட்டிட்டு வருவாங்க. அப்பா பக்கத்துல நிப்பாரு. சாப்பிடறாரா, தூங்கறாரா, அழுக்குப் பண்றாரான்னு அவர வச்சிக்கிட்டே எங்கிட்ட சொல்லுவாங்க. நானும் அவங்ககிட்டதான் கேப்பேன். ஒரு நாள்கூட அந்த மனுஷன் முகத்தப் பாத்து நான் கேட்டதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "கள்ளன்னா என்னத் திட்டுவாங்க. எங்கிட்டயே திட்டுவாங்க. இது தெரிஞ்சா என்னப் பத்திப் பேசிக்குவாங்க."

ஆறுதல் சொல்கிற வாய் லாரிக்காரருக்கு எப்போதும் கிடையாது. கண் எதிரே கார் நின்றது. வந்த வழி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வளைவு, ரயில் கேட், காய்கறிச் சந்தைக்குள் போகிற குறுக்குத் தெரு. இத்தனை வாரமும் அந்த வழியெல்லாம் வழி மறந்து நிற்கிற இந்த மனுஷன் ஓட்ட, நாம் பக்கத்தில் உட்கார்ந்து, அடியை மறைக்கிறானா என்று முறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

கையை நீட்டினார். "சாவி."

"மச்சான், வண்டி ஓட்டறதுல ஒண்ணும்..."

"சாவியக் குடு."

அவர் மாப்பிள்ளையிடம் ஒருமையில் பேசியதே இல்லை. மாப்பிள்ளை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

முழங்கால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் குத்தியது. லாரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ரயில் கேட்டில் நிற்கும்போது சொல்லிவிட்டார். அவர்கள் இரண்டு பேரிடமும் நான் வாய் திறக்க மாட்டேன், நீங்க கள்ளனாகவே இருந்துக்குங்க, நானும் இனிமேல் அங்கே போகப்போவதில்லை. ஆனால் வீட்டில் சொல்லியாக வேண்டும். தங்கச்சியும் இந்தக் காரில்தான் உட்காருகிறாள்.

நானே சொல்லிக்கிறேன், இன்றைக்கு ராத்திரி சொல்கிறேன் என்றார் மாப்பிள்ளை. லாரிக்காரர் நம்பவில்லை. யாரையும் நம்பிப் பழக்கமில்லாதவர், இதில் மட்டும் எப்படி நம்புவார்? இப்பவே சொல்லணும், நான் நிக்கும்போதே சொல்லணும் என்றார். கேட் திறந்தது.

தங்கை வாசலுக்கு வந்துவிட்டாள். டிரைவர் சீட்டிலிருந்து அண்ணன் நொண்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. உள்ளே போய் மூன்று பேரும் சமையலறை மேஜையைச் சுற்றி நின்றார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்துவிட்டுத் திரும்பினாள். மாப்பிள்ளை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார், மூடினார். எங்கே ஆரம்பிப்பது என்று தேடினாரோ, ஆரம்பிக்க வேண்டியது என்ன என்பதே நழுவிவிட்டதோ, லாரிக்காரருக்குப் புரியவில்லை.

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்னண்ணா ஆச்சு இவருக்கு? நீயாவது சொல்லு."

எல்லாம் லாரிக்காரரின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். இனி இப்படித்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது அந்தக் குனிவு.

"எங்கிட்ட ஏன் கேக்கற," என்றார் லாரிக்காரர். "அவரு இங்கதான நிக்கறாரு. அவரக் கேளு."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை அண்ணனை முறைத்தாள். அப்புறம் கணவரிடம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, என்னங்க என்று கேட்டாள். மாப்பிள்ளை பதில் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் லாரிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல், வலிக்கிற முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.