ஓரம் வெட்டாத ஃபோன்

கொத்தங்கரையில் வீடியோ எடுக்கும்போது ஃபோன் எதை வெட்டுகிறதோ, அது ஊரிலிருந்தும் போய்விடும். எடுப்பவர் கை ஆடும். படம் ஆடாமலிருக்க, ஃபோன் நாலு ஓரத்தையும் கொஞ்சம் நறுக்கிவிட்டு, மிச்சத்தை நகர்த்தி நகர்த்தி நடுவில் நிறுத்தும். டிஜிட்டல் முறை என்பது அதுதான். நடுவில் நிற்பவர்கள் அசையாமல் அழகாக விழுவார்கள். ஓரத்தில் நின்றவர்கள் மறுநாள் இருக்கமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டின் இரண்டு முனைகளும் ஒரு காதுகுத்து வீடியோவில் போயின. பஸ்கள் இப்போது நடுவிலேயே திரும்பிக்கொள்கின்றன.

ரெஜினா அந்த ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவள். அவள் அப்பா தாசையன் எந்த விசேஷத்திலும் ஓரத்தில்தான் நிற்பார். தங்கை ஜெசிந்தாவின் நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த வீடியோவில் அவருடைய இடது கை போனது. மறுநாள் காலையில் வலது கையாலேயே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடை திறக்கப் போனார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் ரெஜினா அவரிடம் சொன்னாள்: "அப்பா, கோயில்ல நீங்க நடுவுல நிக்கணும்."

"பொண்ணு மாப்பிள்ளை நிக்கிற இடம்மா அது. எனக்கு ஓரந்தான் தோது."

அப்பாவை மாற்ற முடியாது, ஃபோனைத்தான் மாற்றவேண்டும். ரெஜினா நாகர்கோவிலுக்குப் போய், ஆப்டிகல் முறையில் வேலைசெய்யும் ஃபோனை வாங்கி வந்தாள். அதில் லென்ஸ் மிதந்துகொண்டிருக்கும். கை இடப்பக்கம் போனால் லென்ஸ் வலப்பக்கம் போகும். எதையும் நறுக்காது. ஆனால் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், நடையைத் தாங்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எஸ்தருக்கு இது பிடிக்கவில்லை. "பொண்ணு உள்ள நடந்து வரும்போது நீயும் முன்னால நடந்துக்கிட்டே எடுக்கணும்லா? படம் ஆடுமே. பழைய ஃபோன்லயே எடுத்துரு."

"நான் நடக்கப்போறதில்ல அத்தை."

"பிறகு?"

"கோயில் நடக்கட்டும்."

எஸ்தர் யோசித்துப் பார்த்துவிட்டு, போதகரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

கல்யாணத்தன்று ரெஜினாவும் ஜெசிந்தாவும் தாசையனும் தேவாலய வாசலுக்கு வெளியே மணலில் நின்றார்கள். உள்ளே சபையார் பாடிக்கொண்டே பெஞ்சுகளை வாசல் பக்கமாகத் தள்ளினார்கள். தேவாலயம் அஸ்திவாரத்தை விட்டு இறங்கி, கடலைப் பார்த்து நகர்ந்தது. வாசல் அவர்களைக் கடந்து போனது. பிறகு பெஞ்சுகள் ஒவ்வொரு வரிசையாகக் கடந்தன.

தரை அதிர்ந்தது. ஃபோனுக்குள் லென்ஸ் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளட்டுமா என்று திரை கேட்டது. ரெஜினா 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். திரை மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாசையன் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் படத்தின் விளிம்புக்கே போயிருந்தார்.

"ஆடுதேம்மா. என்னைய விட்டுட்டு அவள நல்லா எடு."

"ஆடட்டும்பா. நீங்க இருங்க."

அவர் இருந்தார். பீடம் அவர்களிடம் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையும் அதோடு வந்தார். தாலி கட்டியாயிற்று.

எஸ்தர் வீடியோவை வாங்கிப் பார்த்தார். "எம் புள்ள முகம் லேசா ஆடுதே."

"எல்லாரும் இருக்காங்கள்லா அத்தை."

எஸ்தர் ஓரங்களைப் பார்த்தார். அங்கே தாசையன், ஜெசிந்தாவின் முக்காட்டு நுனியை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிதான்" என்று எஸ்தர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது, தேவாலயத்தின் வாசல் தண்ணீரைத் தொட்டிருந்தது. கடல் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று எஸ்தர் கேட்டார். பெண் வீட்டார் என்று தாசையன் சொல்லிவிட்டு, பந்தியில் இன்னும் ஒரு இலை போடச் சொல்லி ஆளனுப்பினார்.