டாக்டர் மச்சானின் பச்சைப் பேனா

என் மச்சான் டாக்டர். அவருடைய கிளினிக் மாடியில், என் மருந்துக் கடை கீழே. அவர் எழுதும் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று சொன்னால் கோழி கோபித்துக்கொள்ளும். முச்சந்தியில் இருக்கும் பெரிய கடைக்கு அந்தச் சீட்டைக் கொண்டுபோனவர்கள் எல்லாம், அங்கே நாலு பேர் கூடி நின்று தலைகீழாகவும் பார்த்துவிட்டுக் கையை விரித்த பிறகு, என்னிடமே திரும்பி வருவார்கள். அவருடைய கையெழுத்துதான் என் கடையின் முதலீடு. அதில் கைவைத்தது வேறு யாருமில்லை, நானும் என் மனைவியும்தான்.

"அண்ணனுக்குக் கட்டைவிரல் ரொம்ப வலிக்குதாம்" என்றாள் ஒரு நாள். "மருந்துக் கம்பெனிக்காரங்க ஓசியில குடுக்கிற பேனாவ வச்சு அழுத்தி அழுத்தி எழுதுறாரு. பிறந்தநாள் வருதுல்ல, நல்ல மைப் பேனா ஒண்ணு வாங்கிக் குடுப்போங்க."

ஒரு பேனா என்ன செய்துவிடப் போகிறது என்று நானும் கூடப் போனேன்.

பேனாக் கடைப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் சட்டைப் பையில் இருந்த ஓசிப் பேனாவை அதைவிட நேரம் பார்த்தாள். பிறகு ஒரு தட்டில் துணி விரித்து, நகைக் கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதல் பேனாவின் முனை மெல்லியது. தாளைக் கீறிக்கொண்டு போனது. அடுத்தது பட்டை முனை. என் பெயரை எழுதினேன், பாதியிலேயே மை குளம் கட்டிவிட்டது. மூன்றாவது, ஒரு பச்சைப் பேனா. அதை நான் இறுகப் பிடித்ததும் அவள் முகம் சுருங்கியது.

"சார், கழுத்தைப் பிடிக்காதீங்க. அதுவே ஓடும். சும்மா கூடப் போங்க."

என் மனைவி அந்தப் பச்சைப் பேனாவை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். வரி கோணலாகப் போயிற்று. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பு போகிற மாதிரிப் போனது. "இதாங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. விலையைக் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறந்தநாளன்று அதைக் கையில் வாங்கியதும் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்த முதல் சீட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி இருந்தது. கொண்டுவந்த அம்மாளே அதை வாய்விட்டுப் படித்தார். "ரெண்டாவது மாத்திரை வீட்டுலயே இருக்கு, தம்பி. மூணாவது எங்க பக்கத்துக் கடையில கொஞ்சம் விலை கம்மி" என்று சொல்லிவிட்டு, முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் பாதிப் பேர் என் கடையைக் கண்டுகொள்ளாமலே தாண்டிப் போனார்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மச்சான் இன்னும் இரண்டு புட்டி மை வாங்கினார். மருந்துக்குக் கருநீலம், சாப்பாட்டுக்குப் பழுப்பு, எச்சரிக்கைக்குச் சிவப்பு. பிறகு படம் போட ஆரம்பித்தார். முதுகு வலி என்று போனவருக்கு முதுகெலும்பு, தொண்டை வலிக்காரருக்குத் தொண்டை. சிறுநீரகத்தில் கல் இருந்த ஒரு வாத்தியார் தன் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகக் கேள்வி. மருந்துகளோ குறைந்துகொண்டே வந்தன.

"என்ன மச்சான், அஞ்சு மருந்து எழுதுற இடத்துல ஒண்ணுதான் இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னாடி கை வலிக்கு பயந்து சட்டுனு கிறுக்கி அனுப்பிடுவேன், மாப்பிள்ளை. இப்ப எழுதவே ஆசையா இருக்கு. மெதுவா எழுதுறேனா, கூட நாலு கேள்வி கேக்கத் தோணுது. கேட்டா, பாதி மருந்து வேண்டாம்னு தெரியுது."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மை ஊறிப் பரவும் மட்டமான தாளில் சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்சல் கட்ட வைத்துக்கொண்டு, வழவழப்பான தாளைத் தானே வாங்கிவிட்டார். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. பேனா காணாமல் போக வேண்டும்.

ஒரு மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மாடி ஏறினேன். மச்சான் கை கழுவ உள்ளே போனார். பேனா மேசையில் கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட எவ்வளவு நேரமாகும்? ஆனால் கையில் எடுத்தவன், போகிறதுதான் போகிறது, ஒரு வரி எழுதிப் பார்ப்போமே என்று நினைத்தேன். அங்கேதான் கெட்டேன். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்து, பிடியைத் தளர்த்தி, கூடப் போனேன். என் பெயரை எழுதினேன். அழகாக வந்தது. மறுபடி எழுதினேன். கீழே ஒரு பூனை வரைந்தேன். பூனைக்கு மீசை வைத்துக்கொண்டிருக்கும்போது மச்சான் பின்னால் நின்றார்.

"நல்லா இருக்குல்ல?" என்று சிரித்தார். "சரி, உடம்புக்கு என்ன?"

பேனாவைக் கொடுத்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மேல் தட்டு மருந்தெடுக்க ஏணி ஏறினா மூச்சு வாங்குது."

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மூச்சு உண்மையாகவே கொஞ்ச நாளாக வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். இறங்கும்போதும் வாங்குதா? இடது தோள் கனக்குதா? ராத்திரி வியர்க்குதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு இதயம் வரைந்தார். அவ்வளவு நாளில் அவர் வரைந்ததிலேயே அழகான படம் அதுதான். அதில் ஒரு இடத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, மாப்பிள்ளை. நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். வீட்டுல சீட்டைக் காட்டுங்க."

இன்னும் ஒரு பக்கம் எழுதி, மடித்துக் கொடுத்தார். படி இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் இன்று வேண்டாம், அவளிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. இத்தனை வருஷமும் அவள் அண்ணன் எழுதியதை அவளுக்குப் படித்துச் சொன்னவன் நான்தானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினாள். அண்ணன் அவளுக்கும் போன் பண்ணியிருந்தார். சீட்டைப் பார்க்கச் சொன்னாராம், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்ல. வெறும் வாயு" என்றேன்.

அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். ஒரு வார்த்தை கூட என்னைக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். பிறகு அதைச் சத்தமாகப் படித்தாள்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் இதை வாயு என்று சொல்வார். நம்பாதே. உடனே அழைத்துக்கொண்டு கிளம்பு."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. உள்ளே போய் என் சட்டை இரண்டை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நான் கடைச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டினேன்.