பீப்பாயில் ஒரு பெயர்

புல்தரையில் நார்மன் புது வேட்டைக் கூடாரத்தின் நான்காவது மூலையை உதைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். வாசல் படிக்கு மேலே, சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்த ஒமேர் திபோ அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். துப்பியிருப்பார், வாயில் எச்சில் இல்லை.

"சர்க்கஸ் வந்துடுச்சு போலிருக்கே. யானை எங்க?"

"சும்மா இருங்கப்பா," என்றாள் கொலெட், அவர் முழங்காலில் போர்வையை இழுத்துவிட்டபடி. சிரிப்பை அடக்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கரடி வேட்டை தொடங்குகிறது. அப்பாவுக்குத் திங்கட்கிழமை உண்டா என்பதைத் தாதி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால், ஊசியிலைக் காட்டுக்குள் அவர் முப்பத்தொரு வருடமாகக் கரடிக்கு இரை வைக்கும் இடம் இருக்கிறது. ஒரு நீலப் பீப்பாய்; அதில் இரை வைப்பவரின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு. யார் பெயர் தொங்குகிறதோ இடம் அவருடையது. இன்னொருத்தர் அங்கே போய் உட்கார்ந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் அப்புறம் ஒருவரும் அவரோடு பேச மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, தம்பி நார்மனும் போனில் கேட்டுக்கொண்டிருக்க, அப்பா சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் ஒளிஞ்சு உக்கார்ற கூடாரத்தக் காட்டுங்க. எதுல என்னால குத்தம் சொல்ல முடியலையோ, அவங்க பேர சீட்டுல எழுதறேன்."

குற்றம் சொல்ல முடியாததா! பாதிரியாரின் பூசையிலேயே குற்றம் கண்டுபிடித்த மனிதர். கொலெட் பிறந்து நாற்பத்தாறு வருடத்தில் அவளுடைய பிளாய் ரொட்டியைக்கூட அவர் நன்றாக இருக்கிறது என்றதில்லை. ஆனாலும் அவளுக்கு அந்தச் சீட்டு வேண்டும். ஒரு மாதமாகப் பழைய டோனட்டும் பொரித்த எண்ணெயும் கலந்த வாளியைத் தினமும் சாயந்தரம் ஆறு மணிக்குள் சுமந்து போய்க் கொட்டியது அவள். ஒரு நாள் தவறினால் கரடி வேறு பீப்பாய் பார்த்துக்கொள்ளும். போர்ட்லாந்தில் மெத்தை விற்கும் தம்பி நேற்றுத்தான் வந்து இறங்கினான், கடையில் வாங்கிய ஒரு கூடாரப் பெட்டியோடும் ஒரு மாதத்துக்கான பேச்சோடும்.

"புதுத் துணியோட தொழிற்சாலை நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது," என்றார் அப்பா. "கரடி மூக்கப் பொத்திக்கிட்டுக் கனடாவுக்கே போயிடும்."

"வாசனைய மறைக்க மருந்து இருக்குப்பா. மேல அடிச்சிட்டாப் போதும்."

"உன் மூளைக்கும் ரெண்டு அடி அடிச்சிக்கோ. ஜன்னலத் திற, பாப்போம்."

நார்மன் உள்ளே போய் ஜன்னலைப் பிரித்தான். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை கரகரவென்று கிழிந்த சத்தத்தில் வேலியில் இருந்த காகம் எழுந்து பறந்தது.

"காக்காவுக்கே பிடிக்கல," என்றாள் கொலெட்.

"அக்கா, உன்ன யாரும் கேக்கல. அப்பா, நான் தெரியறேனா?"

கூடாரத்தின் உட்புறம் கறுப்பு. அதற்குள் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவன் உடம்பெல்லாம் பச்சை இலை அச்சிட்ட புதுச் சட்டையில் பளிச்சென்று நின்றான்.

"உன் மூக்குல இருக்கிற மயிருகூடத் தெரியுதுடா," என்றார் அப்பா. "உக்காந்து நாண இழு."

நார்மன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வில்லைத் தூக்கினான். பாதி இழுப்பதற்குள் வில்லின் மேல்முனை கூரைக்கம்பியில் டங்கென்று மோதியது. கூடாரமே ஒரு குலுங்கு குலுங்கியது.

"கூரை தாழ்வா வச்சிருக்கானுங்க!"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!" என்றாள் கொலெட்.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நிற்காமல், கொலெட் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். உள்ளங்கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. தம்பி மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது, சிரிக்க வைத்ததற்காகவும்.

"கறுப்பு ஸ்வெட்டர் கார்ல இருக்கு. இருங்க, இப்பப் பாருங்க," என்று நார்மன் ஓடினான்.

கொலெட் கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். காட்டில் அவள் கூடாரம். ஜூலையிலேயே போட்டுவிட்டாள், கரடி பார்த்துப் பழகட்டும் என்று. மழையில் வெளுத்து, மேலே ஊசியிலைக் கிளைகள் சாத்தி, வில் தூக்கக் கூரையில் இடம் விட்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் படத்தைப் பார்த்து, "சாயந்தர வெயில் நேரா உன் மூஞ்சில அடிக்கும், கழுத" என்றிருந்தார். அதற்காகக் கூடாரத்தையே திருப்பிப் போட்டிருந்தாள்.

அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லவில்லை!

"சீட்டக் குடு. பேனாவும்," என்றார்.

கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் காப்பி அடிக்காமல் மறைப்பது போல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு வாங்கினார். அவள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி, படியோரம் மூடியிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நார்மன் கறுப்பு ஸ்வெட்டரோடு கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்தான். "இப்ப தெரியறேனாப்பா?"

பேனா படியில் உருண்டது. கொலெட் திரும்பினாள். அப்பாவின் முகவாய் மார்பில் இறங்கியிருந்தது. கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். ஆக்சிஜன் பெட்டி மட்டும் புஸ் புஸ்ஸென்று வேலை செய்துகொண்டிருந்தது.

மடியில் சீட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள்.

ஒமேர் திபோ. தன் பெயரையே எழுதியிருந்தார். கீழே, அதே பழைய முகவரி.

"அட பாவி மனுஷா," என்றாள், சத்தமில்லாமல்.

"பதிலே காணோம்!" கூடாரத்துக்குள்ளிருந்து நார்மன் கத்தினான். "பாத்தியாக்கா? அப்பாவுக்கே தெரியல! ஜெயிச்சுட்டேன்!"

அவனை இன்னும் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவைத்தாள். அது இரக்கமா, வஞ்சமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெளிய வாடா," என்றாள் பிறகு.

ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே வர அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. வந்தவன் பார்த்தான். படியிலேயே மண்டியிட்டு, அப்பாவின் செருப்புக் காலைக் கட்டிக்கொண்டு, நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை ஓவென்று அழுதான். அவள் தாதிக்கும் பாதிரியாருக்கும் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்கள். குழாயைக் கழற்றி, ஆக்சிஜன் பெட்டியை நிறுத்தி, அப்பாவின் வாயை மூடிவிட்டாள். அந்த வாய் அவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு வாளியைத் தூக்கினாள்.

"எங்கக்கா போற? இப்பப் போயி?"

"அஞ்சே காலாச்சு. நீ அவர் பக்கத்துல இரு."

காட்டில் பீப்பாயைச் சுற்றிக் கரடியின் புதுக் காலடித் தடங்கள். வாளியைக் கவிழ்த்தாள். போன வருடச் சீட்டில் எழுத்து வெளுத்துப் போயிருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதியதைக் கம்பியில் கோத்துக் கட்டினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

சீட்டு லேசாகக் கோணியிருந்தது.

யாராவது குற்றம் சொல்லட்டும் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளே போய் நேராக்கினாள்.