டைல்ஸ் சுவரில் ஒரு கைப்பிடி

1

இந்தக் கதை ஒரு கருவிக் கடையில் கிடைத்தது. ஆணி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் டிரில் மெஷினைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, எதிரே சுவர் இருப்பதுபோல் பிடித்தபடி நின்றாள். “கை கடுக்குதான்னு பார்க்கிறேன்” என்றாள் கடைக்காரரிடம். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு.

2

“மழை தூறிய ஒரு மாலையில் அவள் தன் கணவனின்...”

வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.

அவள் தையல்காரி. கணவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்; குளியலறையில் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, தடியூன்றி நடக்கிறார். சுவரில் மாட்டக் கைப்பிடிக் கம்பி வாங்கியாகிவிட்டது. “வர்ற ஞாயித்துக்கிழமை மாட்டித் தர்றேன்க்கா” என்று அவள் தம்பி ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். நேற்று அவருக்கு மறுபடி கால் வழுக்கியது. குழாயைப் பிடித்துத் தப்பினார். காலையில் அவளே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

இது நிற்கும்.

3

“இந்தப் பெட்டிய எடுத்துக்குங்கம்மா. மெஷின், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் உள்ளயே இருக்கு.”

“இதுல டைல்ஸ்ல ஓட்டை போடுற பிட் எது?”

கடைக்காரர் கிளறிப் பார்த்தார். “அது... தனியா வாங்கணும்.”

அவள் சிரித்துவிட்டாள். “பெட்டி அழகா இருக்கேன்னு நூல்கண்டு வாங்கி, தைக்கத் தைக்க அறுந்து அழுதவ நான். பேட்டரி மெஷின் நல்லதா, வயர் வச்சதா?”

“தினமும் வேலைன்னா பேட்டரி. எப்பவாவதுன்னா வயர்தான். பேட்டரி சும்மா கிடந்தே செத்துப்போயிரும்.”

செங்கல் சுவருக்குப் போதுமான நடுத்தர மெஷினை எடுத்தாள். பெட்டி வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல பிட்டுகளில் போட்டாள். [கதை எழுதுகிறவன் ஒரு நிமிடம் குறுக்கிடுகிறேன்: மெஷினில் சிக்கனம் பிடிக்கலாம், சுவரைத் தொடுகிற முனையில் கூடாது.]

4

முதல் பிரதியில் கணவரைக் கத்தவிட்டிருந்தேன். வில்லனாகிவிட்டார். அந்த வரிகளை அடித்துவிட்டேன். இப்போது குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“வீட்டை ஆஸ்பத்திரி ஆக்குறே.”

அவள் பிட் வழுக்காமலிருக்க டைல்ஸில் டேப் ஒட்டி, மெதுவாகத் துளைத்தாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. விரிசல் இல்லை. பிட்டை மாற்றி, மெஷினைச் சுத்தியல்போல் இடித்துத் துளைக்கும் விசைக்குத் திருப்பினாள்; செங்கல் வழிவிட்டது. துளையில் பிளாஸ்டிக் பிளக் அடித்து, கம்பியைத் திருகி முடித்ததும் அதை இரு கைகளாலும் பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினாள்.

அவர் பதறி எழுந்தார். “ஏய், விழுந்துடப் போறே!”

“உங்களைத் தாங்குமான்னு பார்க்க வேணாமா?”

கம்பி அசையவில்லை. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கொஞ்சம் கோணலா இருக்கே.”

[ரசமட்டமும் வாங்க வைத்திருக்கலாம். இனி அவளைக் கடைக்கு அனுப்ப முடியாது.]

“கம்பி கோணினா கோணட்டும். நீங்க நேரா நின்னா போதும்.”

5

அவர் தடியைச் சுவரோரம் சாய்த்தார். கையை நீட்டி

இந்த வாக்கியத்தைப் பலமுறை முடித்துப் பார்த்தேன். ஒன்றில், தன் எடையைக் கம்பியிடம் கொடுக்கிறார். இன்னொன்றில், பழைய டிரைவர் புத்தியோடு, எங்கே ஆடுகிறது என்று குறை பிடிக்க இழுத்துப் பார்க்கிறார். வாசலில் தூள் படிந்த கைகளோடு நிற்கிற அவளுக்கு இரண்டும் ஒரேமாதிரிதான் தெரியும். அந்தக் கை எதற்கு நீண்டது என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் அவள் பக்கத்தில் நின்று பாருங்கள்.