சட்டையில் வந்த சிரிப்பு

மேடையில் அவன் வாங்கிய சிரிப்பெல்லாம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். மனைவி அதை வாளித் தண்ணீரில் அமுக்கினால் நுரையோடு சேர்ந்து கொப்புளிக்கும். முந்தின நாள் நிகழ்ச்சி எடுபட்டதா, சொதப்பியதா என்பது மாடிப்படி இறங்குகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன் வேலையை உதறிவிட்டு, ஒற்றை மைக்கோடு நின்று ஊரைச் சிரிக்கவைக்கப் போனபோது, வீட்டிலேயே துணி தைத்துக் குடும்பத்தைத் தாங்கியவள் அவள்தான். அதனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஒரு சிரிப்பைத் தவிர.

அது பெண்குரல். மற்றவர்கள் வாய் திறக்குமுன்பே தொடங்கும். கடைசியில் ஒரு விக்கலோடு அடங்கும். காலரை எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அவள் சொல்லாமல் கொள்ளாமல் நிகழ்ச்சிகளுக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, சிரிக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கவனித்தாள். அரங்கில் அந்தக் குரல் கேட்கவே இல்லை. மறுநாள் வாளியில் கேட்டது.

பிறகு சினிமா வந்தது. கதாநாயகனின் நண்பனாகத் தலைகாட்டியவன், சில வருஷங்களில் மகளைத் தொலைத்த தகப்பன் வேஷம் வரை ஏறிவிட்டான். படப்பிடிப்பில் யாரும் சிரிக்கக் கூடாதாம். சிரித்தால் இன்னொரு டேக். சட்டைகள் ஊமையாக வீடு திரும்பின. அந்த ஒரு சிரிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

"யாருங்க அவ?" என்றாள்.

"யாரும் இல்ல" என்றவன், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

தம்பி வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டிவைத்தாள். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் போக மனசு வரவில்லை. அளவெடுக்க வந்தவள் என்று சொல்லிப் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தாள். மேக்கப் அறை சாத்தியிருந்தது. உள்ளே அவன் குரல், பிறகு அந்தச் சிரிப்பு, விக்கல். கதவைத் தள்ளினாள். அவனையும், எதிரே கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தவிர யாரும் இல்லை. நாற்காலி இன்னும் சிரித்து முடித்திருக்கவில்லை.

அவன் பேயறைந்தவன்போல நின்றான். "என் முதல் ஷோவுக்கு ஒருத்தர்கூட வரல. எல்லாம் காலி நாற்காலி. இது மட்டும் சிரிச்சுது. ஃபிரெண்டு வீட்ல வச்சிருக்கேன், ஷூட்டிங்னா இங்க தூக்கிட்டு வந்துடுவேன். எங்க போனாலும் முதல்ல இதுகிட்ட சொல்லிப் பாத்துட்டுத்தான் போவேன். இது சிரிக்கலன்னா எனக்கு வாயே வராது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பியோன்னு பயம்."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலிதான்; ஆனாலும் குரல் பெண்குரலாயிற்றே. கவிழ்த்துப் போட்டுக் கால்களுக்கிடையே பார்த்துவிட்டு, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கண்ணெதிரே கிடக்கட்டும் என்று தையல் மெஷின் பக்கத்தில் போட்டாள். தினமும் கிளம்புமுன் அவன் வசனம் சொல்வான், அது சிரிக்கும், அவள் ஓரக்கண்ணால் காவல் இருப்பாள். பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. அவனுக்குத் தலை நரைத்தது. அவன் அழுதால் தியேட்டரே அழுதது.

ஒருநாள் வீட்டின் சொந்தக்காரம்மா, பழைய அளவிலேயே தைக்கச் சொல்லி வாங்கிய ரவிக்கை இறுக்குகிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். "அளவு அப்படியேதான் இருக்கு, ஆளுதான் ரெண்டாயிட்டாங்க" என்று அவள் குண்டூசியைக் கடித்தபடி முணுமுணுத்தாள். நாற்காலி கால்கள் தரையில் தடதடக்கச் சிரித்தது. விக்கல் நிற்கவேயில்லை. அவனுக்காக அது ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. படியேறி வந்துகொண்டிருந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன சொன்னே அதுகிட்ட?"

"எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

அதிலிருந்து, படப்பிடிப்பு பக்கத்தில் என்றால் அவன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறான். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை.