நாற்பத்தொரு பேர் பட்டியல்

ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் தங்கமாரி நான்கு வருடமாக வேலை பார்த்தாள். வல்லம் வடகாலில் இருந்த பெண்கள் விடுதிக்கு யார் எப்போது வந்தார்கள், எப்போது காலி செய்தார்கள் என்ற பதிவெல்லாம் அவள் கையால் கணினியில் ஏறியவை. 2013 ஜூலையில் செந்தாமரை சேர்ந்தாள். வல்லக்கோட்டைக்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டாவது வாரமே மேனேஜர் நாகப்பன் எதற்கெடுத்தாலும் அவள் மேசைக்குப் போக ஆரம்பித்தார்.

ஆகஸ்டில், விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போயிருந்த ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஜூன் பத்து முதல் ஜூலை இருபத்தைந்து வரை அவள் அங்கே இருந்தாள். அந்த நாட்களில் கூடத் தங்கியிருந்த எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். தங்கமாரி பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தாள். செந்தாமரை, கணினிப் பதிவுகளில் வேண்டியதைத் தேடியெடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் நாலு வரி எழுதி, டீ ஆறுவதற்குள் நாற்பத்தொரு பெயர்களை அச்செடுத்து நீட்டினாள்.

“மூளைன்னா இது,” என்றார் நாகப்பன், தங்கமாரியைப் பார்த்தபடி.

மதியம் தங்கமாரி பட்டியலை எடுத்து, குற்றம் தேடுகிற கண்ணோடு படித்தாள். சுகப்பிரியா பெயர் இல்லை. ஜனவரியில் வந்து இன்னும் அங்கேயே இருப்பவள். நோயாளி இருந்த நாட்களுக்குள் வந்தவர்களையும் போனவர்களையும் மட்டும்தான் செந்தாமரை எண்ணியிருந்தாள். முன்பே வந்து, பின்பும் தங்கியவர்கள் விட்டுப்போயிருந்தார்கள். தங்கமாரி வாயைத் திறக்கவில்லை. ஆள் குறைகிறதே என்று டாக்டரே கேட்கட்டும், நாகப்பன் முகம் தொங்கட்டும் என்றிருந்தாள்.

மறுநாள் காலை நாற்பத்தொரு பேருடன் வேன் கிளம்பியது. ஷிஃப்ட் முடிந்து வந்த சுகப்பிரியா அலுவலக வாசலில் நின்றாள்.

“என் பேரு இல்லக்கா. நேத்து முழுக்க பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பதான் அம்மாட்ட போன்ல சொன்னேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னு.”

தங்கமாரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராகச் செந்தாமரையிடம் போனாள்.

“முன்னாடியே வந்து இப்பவும் இருக்கவங்கள நீ விட்டுட்ட.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“அந்தப் புள்ள வர்றதுக்கு முந்தியே காலி பண்ணவங்க, அது போன பெறவு வந்தவங்க, இந்த ரெண்டு கூட்டத்தையும் கழி. மிச்சம் எல்லாரையும் எண்ணு. காலி பண்ணாம இருக்கவங்களுக்கு போன தேதியே இருக்காது, அவங்களையும் சேத்துக்க.”

செந்தாமரை வெளிறிப்போய் வரிகளை மாற்றினாள். அறுபத்தேழு என்று வந்தது.

“எப்போக்கா பாத்தீங்க?”

“நேத்தே.”

செந்தாமரை புதுப் பட்டியலை அச்செடுத்தாள். பிறகு எழுந்து நாகப்பன் அறைக்குப் போனாள்.

“சார், என் லிஸ்ட் தப்பு. இருபத்தாறு பேரு வுட்டுப்போச்சு. தங்கமாரி அக்காதான் கண்டுபுடிச்சாங்க.”

தங்கமாரிக்கு நேற்றே தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை.

மதியம் இரண்டாவது வேன் போனது. சுகப்பிரியாவுக்கு நோய் இல்லை. அவளோடு போன இருவருக்குத் தொற்று இருந்தது; மருந்து தொடங்கினார்கள். நாகப்பன் எல்லோர் முன்னும் தங்கமாரியைப் பாராட்டினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். தப்பை அப்படி நிமிர்ந்து நின்று சொல்லத் தனக்கு வந்திருக்காது என்று தோன்றியது. செந்தாமரை மேல் இருந்த பொறாமை முன்னைவிடக் கூடிப்போனது.