கோல்டு வீடு

குமணன்சாவடியைத் தாண்டி பெங்களூர் சாலையோரம் நிற்கும் அந்த மாதிரி வீட்டின் முன்னால் 'கோல்டு ஃபார்ம்டு ஸ்டீல் வீடுகள்' என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே மடித்த எஃகுத் தகட்டால் ஆன வீடு என்று அர்த்தம். தமிழில் எழுதினால் குளிரும் கோல்டுதான், தங்கமும் கோல்டுதான். வந்தவர்களில் பாதிப் பேர் தங்கத்தைத் தேடித்தான் வந்தார்கள். கம்பெனி பலகையைத் திருத்தவில்லை. வாசல்வரை வந்துவிட்ட மனிதரைக் குளிர் என்று சொல்லித் திருப்பி அனுப்புவானேன்?

ரெனிதாவின் கணவன் ஜாபஸுக்கு அங்கே விற்பனை வேலை. காலி வீட்டைப் பார்த்தவர்கள் டப்பா மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதால், மேலாளர் நிர்மலுக்கு ஒரு யோசனை உதித்தது: உள்ளே ஒரு குடும்பம் இருந்தால்? குடும்பத்துக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, ஜாபஸிடமே ஒன்று இருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆராதனை முடிந்த கையோடு, ரெனிதா ஆவடி வாடகை ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு வந்து, இங்கே காபி போட்டுக் குடித்தனம் நடத்தினாள்.

அந்த வீட்டில் ஜாபஸ் அருமையான கணவன். நீ உட்கார், நான் எடுத்து வருகிறேன் என்பான். ஆவடியில், கீழே உருண்ட டம்ளரைத் தாண்டிப் போகிறவன். ஆட்கள் போன பிறகும் அந்தக் கனிவு கொஞ்ச நேரம் அவன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அவள் ரசித்தாள். ரசித்ததற்காகத் தன்மீதே எரிச்சலும் பட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் பலாப்பழம் வாங்க வந்ததுபோல முதலில் சுவரைத் தட்டினார்கள். ஜாபஸ் துரு ஏறாத பூச்சைப் பற்றி, சிமென்ட் பலகையைப் பற்றி, வெயிலைத் தடுக்க உள்ளே அடைத்த பஞ்சைப் பற்றி நிதானமாகச் சொல்வான். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. எந்திரம் அந்த அளவில்தான் தகட்டை வெட்டும். ஒயர் போகிற ஓட்டைகூடத் தொழிற்சாலையிலேயே விழுந்துவிடும். 'டிசைன் ஃப்ரீஸ்' என்று பெயர். வாங்குகிறவர்களுக்கு அது பெரிய குறை. ரெனிதாவுக்கோ, காலையில் கேட்ட பிரசங்கத்தைவிட இதுதான் நற்செய்தியாகப் பட்டது.

காரணம் ஜாபஸின் அண்ணன் சத்தியராஜ். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இவர்களுக்கு ஒரு மனை உண்டு. ரெனிதா கேட்டது ஒன்றே ஒன்று: மேற்கு மூலையில் ஒரு சின்ன அறை, உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்க்க ஒரு ஜன்னல். சத்தியராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனையைச் சுற்றி வந்தார். முதல் சுற்றில் ஜன்னல் வென்டிலேட்டர் ஆனது. இரண்டாம் சுற்றில் அறை மோட்டார் ரூம் ஆனது. செங்கல் வீட்டில் பூச்சு வேலை முடிகிறவரை யார் சொன்னாலும் சுவர் நகரும், வீட்டுக்காரி சொன்னால் தவிர.

காலையிலிருந்து மாலைவரை எஃகு வீட்டைப் புகழ்கிற ஜாபஸ், அண்ணனுடைய மேஸ்திரியிடம் செங்கல் வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னான். "நம்ம வீடுன்னா கொஞ்சம் கெட்டியா இருக்கணும்ல?"

அடுத்து வந்த ஞாயிறு, அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சம்பந்தம், மனைவி ஞானம்மாளுடன் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, இதுக்குள்ளே எலி ஓடினால் மேளச் சத்தம் கேட்குமே என்றார். நிர்மலும் ஜாபஸும் சேர்ந்து சிரித்து வைத்தார்கள். ஞானம்மாள் சுவரைத் தொடவில்லை. காபி கொண்டு வந்த ரெனிதாவையே பார்த்தாள்.

"ஏம்மா, சம்பளத்துக்குப் பேசற ஆம்பளைங்கள நான் கேக்கல. நீ சொல்லு. ஒங்களுக்கு மனை கினை கீதா?"

"பருத்திப்பட்டுல இருக்குக்கா."

"அதுல இன்னா ஊடு கட்டப்போறீங்க? இத்தானா, செங்கல்லா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நிர்மலின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜாபஸ் கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு பொய், ஒரே ஒரு பொய். அவன் கேட்ட பொய்யும் அவள் ஆசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பொருத்தம் அவர்களுக்கு அமைந்ததே இல்லை.

"இதுலதான்க்கா," என்றாள். "வேற எதுக்கும் ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க இவங்க."

ஜாபஸ் மூச்சு விட்டான். அதை அவன் அனுபவிப்பதற்குள், நிர்மல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம்ம ஆளே நம்ம வீட்டைக் கட்டுகிறார் என்றால் இதைவிட விளம்பரம் வேண்டுமா, இன்றைக்கே ஞானம்மாள் அக்கா முன்னாலேயே வரைபடத்தைப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று, எல்லோரையும் பின்னறைக்கு, வரைகிற விஷ்ணுவிடம் கூட்டிப் போனார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என்று ஜாபஸ் முனகினான்.

"இன்னா நைனா," என்றாள் ஞானம்மாள், "வேற எதுக்கும் ஒத்துக்க மாட்டேன்னது நீதானே?"

விஷ்ணு கேட்கத் தொடங்கினான். அடுப்பு எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்கணுமா வெளியேவா, படுக்கைக்கு எந்தப் பக்கம் ஸ்விட்ச். கேட்க ஆள் இல்லாமல்தான் தன் விருப்பங்கள் உள்ளேயே கிடக்கின்றன என்று ரெனிதா நினைத்திருந்தாள். கேட்டதும் உள்ளே தேடினால், சத்தியராஜ் சொல்வதெல்லாம் வேண்டாம் என்பதைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்பை இந்தப் பக்கம் என்றாள், பிறகு அந்தப் பக்கம் என்றாள். வெட்கமாக இருந்தது. விஷ்ணு பொறுமையாக அழித்து அழித்துப் போட்டான். மேற்கு மூலை அறையையும் ஏரி ஜன்னலையும் மட்டும் தடுமாறாமல் சொன்னாள்.

"மேற்கு ஜன்னல் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம் மேடம்?"

"நாலடி," என்றான் ஜாபஸ், பழக்கத்தில்.

"இருங்க," என்றாள் ரெனிதா. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில், காற்றில், முழங்கையை ஊன்றினாள். "அத்தான், தரையிலேர்ந்து என் முழங்கை வரைக்கும் அளந்து அவர்கிட்ட சொல்லுங்க."

விஷ்ணு டேப்பை நீட்டினான். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், ஜாபஸ் மிகுந்த கனிவோடு மண்டியிட்டான்.